சேத்தியாத்தோப்பு 41 கி.மீ.

டெஸ்பாட்ச் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டை, லோடு அனுப்புகிற ஆதிலட்சுமியின் கையெழுத்து. பண்ருட்டி, கடலூர், உளுந்தூர்பேட்டை என்று பதினொரு ஊர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே கிலோமீட்டர். மந்தாரக்குப்பத்துக்கு வெளியே இருக்கிற அந்தச் சாம்பல் செங்கல் கம்பெனியில் லாரி வாடகை என்பது அந்த அட்டைதான். லோடு எந்த ஊருக்குப் போகிறதோ, அந்த ஊருக்கு நேரே என்ன எண் இருக்கிறதோ, அதற்கு வாடகை. முதலாளி பரமசிவம் ஒரு நாளும் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆதிலட்சுமி எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்பார். கேட்கிறவர்களுக்குப் பாராட்டு மாதிரி இருக்கும். அவருக்கு அது சோம்பல்.

ஆறாவது வரி, சேத்தியாத்தோப்பு 41. அது பொய்.

எழுதின அன்றைக்குப் பொய் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் நிலக்கரிச் சுரங்கம் விரிந்தபோது பழைய ரோடு அதற்குள் போய்விட்டது. வண்டிகள் நாலைந்து ஊரைச் சுற்றிக்கொண்டு போயின. அளந்து பார்த்துத்தான் நாற்பத்தொன்று என்று எழுதினாள். மூன்று வருஷத்துக்கு முன் கம்மாபுரத்தைத் தாண்டி ஒரு புது ரோடு திறந்தார்கள். தூரம் இருபத்தேழாகக் குறைந்தது. மறுநாளே கம்பெனிக்கு வாடகைக்கு ஓடுகிற பன்னிரண்டு லாரிகளும் புது ரோட்டில் ஓடின. அட்டை மட்டும் பழைய சுற்று வழியிலேயே நின்றுவிட்டது.

மறந்துவிட்டாள் என்று சொல்லலாம். மறக்கவில்லை. அந்த வருஷம் டீசல் விலை ஏறி, வாடகையைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள் என்று லாரிக்காரர்கள் மூன்று தடவை வந்து நின்றார்கள். பரமசிவம் மூன்று தடவையும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். நான்காவது தடவைக்குள் புது ரோடு வந்துவிட்டது. அவர்கள் அப்புறம் வந்து கேட்கவில்லை, ஆதிலட்சுமியும் பேனாவை எடுக்கவில்லை. இதைப் பற்றி யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசினால் அது திருட்டு. பேசாதவரைக்கும் ஒரு மாதிரி நியாயம்.

பன்னிரண்டு பேரில் மூத்தவர் துரைராஜ். அறுபதை நெருங்கிவிட்டார், இன்னும் தன் வண்டியைத் தானே ஓட்டுகிறார். கம்மாபுரத்துப் பக்கம் அவருக்கு ஒன்றே கால் ஏக்கர் இருந்தது. புது ரோட்டுக்கு நிலம் எடுத்தபோது அது போயிற்று. வந்த பணத்தில் பழைய லாரி ஒன்றை வாங்கினார். ஒரு முறை கிடங்கில் சரக்கு சரிபார்க்க ஆதிலட்சுமி அவர் வண்டியில் சேத்தியாத்தோப்புக்குப் போனாள். புது ரோட்டில் ஒரு வளைவு தாண்டியதும் வண்டியை மெதுவாக்கி, “இப்ப நம்ம கொல்லையில போய்கினு இருக்கோம்மா. இங்க மல்லாட்ட போட்டிருந்தோம். அதோ, அந்தக் கம்பம் நிக்கற எடத்துல மோட்டார் கொட்டா,” என்றார். பிறகு கியரை மாற்றினார். அதோடு சரி. அதற்கப்புறம் அவர் வண்டிக்கு ட்ரிப் ஷீட் எழுதும்போதெல்லாம் ஆதிலட்சுமிக்கு அந்தக் கம்பம் நினைவுக்கு வரும்.

இந்த வருஷம் பரமசிவத்துக்கு இருதய ஆபரேஷன் நடந்தது. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மகன் அஸ்வின் வந்து கம்பெனியைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தான். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். நல்ல பையன், அதுதான் தொல்லை. எல்லாரையும் உட்காரச் சொல்லிப் பேசுவான். கல் செய்ய ஆகிற செலவை விட அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற செலவு ஏறிக்கொண்டே போகிறது, விழுப்புரத்துக்காரன் நம்மை விட மலிவாகக் கொடுக்கிறான், இப்படியே போனால் அடுத்த வருஷம் சூளையை அல்ல, கேட்டையே மூடவேண்டியதுதான் என்று முதல் வாரத்திலேயே சொன்னான். சாம்பல் செங்கல்லைச் சுடுவதில்லை, அதற்குச் சூளையே கிடையாது என்பதை அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

போக்குவரத்துச் செலவில் ஏழில் ஒரு பங்காவது குறையவேண்டும் என்றான். ஆதிலட்சுமியும் தன்னால் ஆனதைச் செய்தாள். எடைமேடையை ஒரு மணி நேரம் முன்னதாகத் திறக்கவைத்தாள். அதற்காக அவளே விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றாள். காலியாகத் திரும்புகிற வண்டிகளுக்குச் சிமெண்ட் மூட்டை பிடித்துக் கொடுத்தாள். இரண்டு மாசம் ஓடி ஓடி உயிர்போனதுதான் மிச்சம், குறைந்தது கொஞ்சம். அஸ்வின் மேசை மேல் ஒரு நீலக் கோப்பு வந்து உட்கார்ந்தது. சென்னை டிரான்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றின் கொட்டேஷன். பெரிய பெரிய வண்டிகள், மொத்தக் காண்ட்ராக்ட். அதில் கையெழுத்து விழுந்தால் பன்னிரண்டு லாரிகளும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

கையெழுத்துப் போடுமுன் ஒரு வாரம் நம் வண்டிகள் உண்மையில் எவ்வளவு ஓடுகின்றன என்று பார்த்துவிடலாம் என்றான் அஸ்வின். சனிக்கிழமை எல்லா லாரியிலும் ஜி.பி.எஸ் பெட்டி மாட்டினார்கள். அவன் அறைச் சுவரில் ஒரு பெரிய டிவியும் வந்தது. திங்கட்கிழமை காலையிலிருந்து எந்த வண்டி எங்கே என்பது புள்ளி புள்ளியாக அதில் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆதிலட்சுமி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தேழு என்று அந்த டிவி காட்டப்போகிறது. மூன்று வருஷமாக இல்லாத தூரத்துக்கு வாடகை வாங்கினார்கள் என்று பழி லாரிக்காரர்கள் தலையில் விழும். அன்றைக்கே நீலக் கோப்பில் கையெழுத்து. கணவன் செங்குட்டுவன் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி, இருபது வருஷமாக இன்றைக்கு நாளைக்கு என்று பெர்மனென்டுக்குக் காத்திருப்பவன். நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்தவனை எழுப்பி விஷயத்தைச் சொன்னாள். கண்ணைத் திறக்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தான்.

“டிவி சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லிடு. அவன் கண்டுபிடிச்சா அது வேற, நீ சொன்னா அது வேற,” என்றான். பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு அவள் உள்ளே போனாள். அஸ்வின் உட்காரச் சொன்னான். உட்காரவில்லை.

“சார், சேத்தியாத்தோப்பு நாப்பத்தொண்ணு இல்ல. இருபத்தேழுதான். புது ரோடு வந்து மூணு வருஷம் ஆச்சு. அட்டைய நான் மாத்தல. அது என் தப்பு. லாரிக்காரங்க மேல எதுவும் இல்ல.”

வீட்டிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தது. அஸ்வின் அவளைப் பார்த்தான். பிறகு டிவியைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“ஆனா மேடம், அவங்க சுத்தித்தானே போறாங்க?”

ஆதிலட்சுமி திரும்பிப் பார்த்தாள். திரையில் புது ரோடு நேராகக் கிடந்தது, அதன் மேல் ஒரு புள்ளியும் இல்லை. சேத்தியாத்தோப்புக்குப் போன ஐந்து வண்டிகளும் பழைய சுற்று வழியில், ஊர் ஊராக, எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் துரைராஜ் வண்டி. நாற்பத்தொன்று என்று எழுதியதை உண்மையாக்குவதற்காகத் தங்கள் டீசலைக் கொளுத்திக்கொண்டு பதினாலு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அஸ்வினுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. மூன்று வருஷமாகவா இவர்களுக்குப் புது ரோடு இருப்பதே தெரியாது, யாருமே சொல்லவில்லையா என்று கேட்டுச் சிரித்தான். ஒரு ட்ரிப்புக்குப் பதினாலு கிலோமீட்டர், பாதிக்கு மேல் சரக்கு அந்தப் பக்கம்தான் போகிறது, அப்படியானால் சென்னைக்காரன் குறைத்துத் தருவதாகச் சொன்னதை விட இதிலேயே அதிகம் குறைகிறதே என்று விரலை மடக்கினான். நீலக் கோப்பை எடுத்து அலமாரிக்குள் வைத்தான். இப்போதாவது வாயைத் திறந்து உண்மையின் மறுபாதியைச் சொல்லவேண்டும். அலமாரிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஆதிலட்சுமி வாயைத் திறக்கவில்லை.

துரைராஜ் திரும்பி வந்ததும் அனுப்புங்கள், நானே புரியும்படி சொல்லிவிடுகிறேன் என்றான்.

மத்தியானம் துரைராஜ் வந்தார். அழுக்குத் துண்டை வாசலிலேயே உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார். ஆதிலட்சுமியின் முகத்தைப் பார்த்ததும் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டார், என்னவென்றுதான் தெரியவில்லை. அஸ்வின் அவரை உட்காரவைத்து, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, போனில் மேப்பைத் திறந்தான். சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுமையோடு ஆரம்பித்தான்.

“இதோ பாருங்கண்ணா. கம்மாபுரம் தாண்டி இடது பக்கம் ஒண்ணு பிரியுது பாருங்க. இது புது ரோடு. நேரா போய்ச் சேர்ந்துடலாம். நீங்க ஏன் இவ்வளவு சுத்திக்கிட்டு இருக்கீங்க?”

படத்தைப் பெரிதாக்கினான். ரோடு அகலமானது. அவன் விரல் வளைவைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி நின்றது. அது எந்த இடம் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். துரைராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. சொல்லிவிடுவார் என்று ஆதிலட்சுமி பயந்தாள். சொல்லிவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

“இங்கியா சார்?”

“ஆமாண்ணா. அதேதான்.”

“அப்படிங்களா. இப்படி ஒரு ரோடு இருக்கறது எங்களுக்குத் தெரியாம போச்சுங்க சார்.”

பரவாயில்லை என்றான் அஸ்வின். இனிமேல் இருபத்தேழுக்குத்தான் வாடகை, டீசலும் உங்களுக்கு மிச்சம்தானே என்றான். வருஷக் கடைசியில் வாடகையை ஏற்றுவது பற்றிப் பார்க்கலாம் என்றும் சொன்னான். பரமசிவத்தின் மகன்தானே என்று ஆதிலட்சுமி நினைத்துக்கொண்டாள். அஸ்வின் எழுந்து கைகொடுத்துவிட்டு, உண்மையான அக்கறையோடு ஒன்று சொன்னான்.

“இந்த ஊர்லயே இருக்கீங்க. ஊரைச் சுத்தி என்ன இருக்குன்னு கொஞ்சம் தெரிஞ்சு வச்சுக்கணும்ணா.”

“வச்சுக்கறேங்க சார்,” என்றார் துரைராஜ்.

அவர் வெளியே போன பிறகு அஸ்வினுக்கு இன்னொரு யோசனை தோன்றியது. பிற்பகல் லோடில் மேடமும் கூடப் போய், எங்கே திரும்பவேண்டும் என்று ஒரு தடவை காட்டிவிட்டு வந்துவிடட்டும்.

வண்டி எடைமேடையை விட்டு இறங்கி மந்தாரக்குப்பம் கடைத்தெருவைத் தாண்டியது. ஜி.பி.எஸ் பெட்டியின் பச்சை விளக்கு முன்னால் மினுக்கிக்கொண்டிருந்தது. அதற்குக் காது இல்லை என்று தெரிந்தும் ஆதிலட்சுமி குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டாள்.

“ஏண்ணே அப்படிச் சுத்திப் போனீங்க?”

“நேத்து டீக்கடையில எல்லாரும் பேசினோம். வண்டிக்காரன் விஜயராஜு மட்டும் சுத்திப் போவ வேணாம்னான். அட்டையில கெடக்கறது உன் கையெழுத்தாச்சே. எங்கள நிறுத்தனா மணல் அடிப்போம், கரும்பு அடிப்போம், எதையாவுது ஓட்டிக்கினு கெடப்போம். உன்ன நிறுத்தனா நீ எங்கம்மா போவ?” முன்னால் போன டிராக்டரைத் தாண்டினார். “நீ எதுக்கு உள்ள போயி சொன்ன?”

“உங்கள எடுத்துடுவாங்கன்னுதான்.”

துரைராஜ் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது.

“முன்னாடியே ஒரு வார்த்த பேசியிருக்கலாம். மூணு வருசமா பேசாமயே பழகிடுச்சு,” என்றார்.

வாடகை கட்டுப்படியாகுமா என்று கேட்டாள். முன்னால் இரண்டு டயர் மாற்றவேண்டும், அதை மாற்றாமல் ஓட்டினால் தீபாவளி வரைக்கும் ஓடும் என்றார். இரண்டு பேருக்குமே அதற்கு மேல் யோசிக்கத் தெம்பு இல்லை.

கம்மாபுரம் தாண்டியது. இடது பக்கம் புது ரோடு பிரிகிற இடத்தில் துரைராஜ் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. அவ்வளவு களைப்பை ஆதிலட்சுமி அதற்கு முன் ஒரு முகத்திலும் பார்த்ததில்லை.

அவள் போன் அடித்தது. அஸ்வின்.

“என்ன மேடம், வண்டி நின்னுடுச்சே? வழி தெரியலயா?”

“தெரியுது சார்,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

“எங்கம்மா திரும்பணும்? காட்டு,” என்றார் துரைராஜ். “சார் பாத்துக்கினு இருக்காரு.”

ஆதிலட்சுமி கையைத் தூக்கினாள். தூக்க முடியாமல் தூக்கினாள். இடது பக்கம் காட்டினாள். துரைராஜ் தலையை ஆட்டிக்கொண்டு கியரைப் போட்டார். வண்டி திரும்பியது, வளைவைத் தாண்டியது. கம்பம் நிற்கிற இடத்தில் இந்தத் தடவை அவர் மெதுவாக்கவில்லை.