தாண்டவராயனின் இடது கை

உத்திரமேரூர் கடைத்தெருவில் சலூன் வைத்திருக்கும் தாண்டவராயனுக்கு வலது கையில் கரடி மாதிரி முடி. இடது கையில் முழங்கைக்குக் கீழே ஒன்றுகூடக் கிடையாது. வியாதி என்று நினைத்துவிடாதீர்கள், என் கண்ணுங்களா. அவர் மனைவி பவளம் பழைய சவரக்கத்திகளைத் தீட்டுகிறவள். கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்து, கடைசியில் புருஷன் கையில்தான் ஓட்டிப் பார்ப்பாள். முடி இழுக்காமல் உதிர்ந்தால் கத்தி தேறியது. முப்பது வருஷமாக அந்தக் கைதான் அவளுக்குப் பரீட்சைத்தாள்.

வம்பு வந்ததும் அதனால்தான். பத்து நாளுக்கு முன் ஒரு சீமந்தத்தில் தாம்பூலம் வாங்கக் கை நீட்டினார். அவருடைய அக்கா திலகா எல்லார் எதிரிலும், "இன்னாடா தம்பி, ஒரு கை உன்னுது, இன்னொண்ணு யாருது?" என்றாள். பந்தியே சிரித்தது. வருகிற ஞாயிறு அந்த அக்காவின் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இவர்தான் மாலை எடுத்துக் கொடுக்கவேண்டும். அதற்குள் இடது கையில் முடி வளர்த்தே தீருவதென்று, சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டார்.

"இந்தக் கைய தொட்ட, நான் மன்ஷனா இருக்கமாட்டேன்" என்று பவளத்திடம் சொல்லியும் விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஏரிக்குக் கீழே நெல் போடுகிற பஞ்சாட்சரம் வந்தார். துண்டில் தாத்தா காலத்துக் கத்தி. மறுநாள் காலை பேரனுக்கு முதல் மொட்டை. அதைக்கொண்டுதான் தாண்டவராயன் எடுக்கவேண்டுமாம்.

பவளம் பிரித்தாள். விளிம்பு பல் பல்லாக இருந்தது.

"இன்னாண்ணே பண்ண இத?"

"மொக்கையா இருந்துச்சும்மா. பம்புசெட்டு தொட்டி சிமிட்டில நாலு தேய் தேச்சேன். கதிரருவாளுக்கு அப்டித்தானே பண்றோம்?"

"அருவாளுக்குப் பல்லு இருக்கணும். இதுக்கு இருந்தா புள்ள மண்டைய கடிக்கும்."

தண்ணீர் தெளித்து, கத்தியின் முதுகும் விளிம்பும் ஒன்றாகப் படியும்படி முரட்டுக் கல்லில் ஒரு மணி நேரம், வழவழப்பான கல்லில் ஒரு மணி நேரம் தள்ளினாள். பிறகு தோல்வார். முடிந்ததும் பழக்கத்தில் புருஷன் பக்கம் திரும்பினாள். முழுக்கைச் சட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"வலது கையையாச்சும் குடேன்யா."

"அது ஒண்ணுதான்டி மிச்சம்!"

"என் கையில பாரும்மா" என்று பஞ்சாட்சரம் சட்டையை மடித்தார். அறுப்புக்கு நிற்கிற வயல்தான் அது. பவளம் ஓட்டினாள். "ஐயோ, இழுக்குது." மறுபடி தோல்வார், மறுபடி கை. "இப்ப ஜோரா கீது. கூசுதும்மா" என்று சிரித்தார்.

ஒருவருக்குச் சோப்பு தடவிக்கொண்டிருந்த தாண்டவராயன் இதையெல்லாம் கண்ணாடியில் பார்த்தார். சோப்பு அந்த மனிதரின் மூக்கில் ஏறியது.

"ஜோரு இல்ல. சர்ருனு சத்தம் கேக்குது. தேறின கத்தி சத்தம் போடாது."

"என் கை எனக்குத் தெரியாதா?" என்றார் பஞ்சாட்சரம்.

"உன் கைக்கு இன்னாண்ணே தெரியும்? நாத்து புடுங்கற கை!"

பவளம் நிமிரவில்லை. "நீ சொம்மா இருய்யா. இனிமே எல்லா கத்திக்கும் அண்ணனையே கூப்ட்டுக்கறேன்."

பஞ்சாட்சரம் பெருமையாக மற்றக் கையையும் மடித்தார்.

தாண்டவராயனுக்குப் பொறுக்கவில்லை. பித்தான் தெறிக்கச் சட்டையை ஏற்றினார். பத்து நாள் முடி, நாற்றங்கால் முளைபோல நின்றது.

"நாளைக்கு புள்ள மண்டையில வெக்கிற கத்தி. ஓட்டு."

ஓட்டினாள். "ஆவல. இன்னும் இருவது இழு." இழுத்துவிட்டு வந்து ஓட்டினாள். சத்தமே இல்லை. முளையெல்லாம் தூசாக விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "தேறிச்சு" என்றார்.

கண்ணைத் திறந்து கையைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று. பவளம் அவருடைய வலது கையை எடுத்து மடியில் வைத்து, அதையும் வழவழவென்று வழித்துவிட்டாள்.

"இப்ப ரெண்டும் உன்னுதுதான், போ."

மறுநாள் குழந்தை மொட்டையடித்து முடியும்வரை தூங்கியது. ஞாயிற்றுக்கிழமை தாண்டவராயன் அரைக்கைச் சட்டையில் கல்யாணத்துக்குப் போய், சந்தனம் வாங்கவும் பூ வாங்கவும் இரண்டு கையையும் நீட்டி நீட்டி நின்றார். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அவரே அக்காவிடம் போனார்.

"அக்கா, கைய பாத்தியா?"

"கையிக்கு இன்னாடா? மாலைய எடு, நேரமாவுது."