கணப்போரம் ஓர் இடம்

என் தம்பி மலக்கியின் மனைவி அசம்ப்டாவும் நானும் நாய் வழியாகத்தான் பேசிக்கொள்வோம். "ஷெப், உன் அட்ராக்டா அத்தைகிட்ட சொல்லு, புகையில எனக்குக் கண்ணு எரியுதுன்னு" என்பாள் அவள். எரிந்தால் வெளியே போய் நிற்கச் சொல் என்பேன் நான். நாய் பாவம், இருவரையும் மாறி மாறிப் பார்க்கும்.

அப்பா வீட்டையும் நிலத்தையும் மலக்கிக்கு எழுதிவைத்தார். எனக்கு, உயிருள்ளவரை மேற்கு அறையும் கணப்போரம் ஓர் இடமும். எங்கள் மாயோ மாவட்டத்துப் பக்கம் கல்யாணமாகாமல் நின்றுவிட்ட மகளுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். நான் அதைக் குறைவாக நினைக்கவில்லை. மேற்கு அறை கணப்பின் முதுகை ஒட்டியது. குளிர்காலத்தில் அந்தக் கல்சுவரில் கை வைத்தால் உடம்புக்கே சூடு வரும். வைக்கோல் கூரை, சுண்ணாம்பு அடித்த கனத்த சுவர்கள், கோழி நுழையாமலிருக்க அரைக்கதவு, நெருப்புக்கு மேல் கெண்டி தொங்கும் இரும்புக் கை, இவ்வளவுதான் வீடு. இரவில் தணலைச் சாம்பலுக்குள் புதைப்பேன். காலையில் கிளறி, சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகளை அடுக்கிப் பிடிக்கவைப்பேன். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து அந்த நெருப்பு அணைந்ததில்லை. பஞ்சத்தில் சட்டியில் போட ஒன்றுமில்லாதபோதும் எரிந்தது.

மலக்கி எதிர் வயலில் சிமெண்ட் வீடு கட்டினான். கட்டட்டும், பீடை ஒழிந்தது என்றுதான் இருந்தேன். பிறகு தபால்காரர் சொல்லித்தான் தெரிந்தது, பழைய வீட்டின் அடுக்களையில் கன்றுகளைக் கட்டப் போகிறானாம். நேரே போய்க் கேட்டேன்.

"மேற்கு ரூமும் கணப்போரம் ஓர் இடமும்தான உனக்கு? ரெண்டும் இருக்கும்க்கா. கன்னுக்குட்டி ஒண்ணும் உன் நாற்காலியில உக்காராது" என்றான்.

மே மாதம் முதல் தேதி, மூடிபோட்ட இரும்புச் சட்டியும் இடுக்கியுமாக வந்து நின்றான். புது வீட்டின் முதல் நெருப்பு பழைய கணப்பிலிருந்துதான் போக வேண்டும். தீக்குச்சி கிழித்த வீட்டில் அவனுக்குத் தூக்கம் வராது. ஆனால் மே முதல் தேதி எங்கள் ஊரில் யாரும் நெருப்பும் தர மாட்டார்கள், பாலும் தர மாட்டார்கள். தந்தால் வீட்டின் அதிர்ஷ்டமும் கூடவே கிளம்பிவிடும். அது அவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் வந்தான். அசம்ப்டா அரைக்கதவுக்கு வெளியே நின்றாள்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். கன்றுகள் உள்ளே வராது என்று அப்பா மேல் ஆணையிடு, இன்றைக்கே எடுத்துப் போ, அதிர்ஷ்டத்தையும் சேர்த்து எடுத்துப் போ.

"தீவனத் தொட்டி கட்ட ஆள் சொல்லியாச்சு. நெருப்பு அப்பாவோடது. நகரு."

"அவரோடதுதான்டா. நீயே எடுத்துக்கோ" என்று நகர்ந்தேன்.

அவன் இடுக்கியோடு குனிந்தான். நான் கெண்டியைக் கழற்றி முழுவதையும் தணல்மேல் கவிழ்த்தேன். பிறகு வாளியில் இருந்த கிணற்றுத் தண்ணீரையும். அடுக்களை முழுக்கச் சாம்பலும் ஆவியும். மலக்கி தொப்பியைக் கழற்றிவிட்டு, அம்மா செத்த அன்று அழுததுபோல் அழுதான்.

"நீ பொம்பளையா, பேயா?" என்றாள் அசம்ப்டா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப்பிழை ஆக வேண்டும் என்பார்களே, அந்த ரகம் நான். சாயங்காலம்வரை சந்தோஷமாகத்தான் இருந்தது. படுக்கப்போய்ச் சுவரில் கை வைத்தேன். கல் ஜில்லென்றிருந்தது. அப்புறம் நானும் அழுதேன்.

கன்றுகள் வரவில்லை. மே முதல் தேதியில் நெருப்பைக் கொன்ற வீட்டுக்குள் மாட்டை ஓட்ட மலக்கிக்குப் பயம். தொட்டி கட்ட வந்த ஆளையும் திருப்பி அனுப்பிவிட்டான். ஆனால் தினமும் காலையில் அவன் வீட்டுப் பெரிய ஜன்னலில் நின்று என் புகைபோக்கியைப் பார்க்கிறான். புகை வந்தால் வீட்டுக்கு உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம். பயம் தெளிந்துவிடும், அந்த வாரமே கன்றுகள் உள்ளே இருக்கும். என் தம்பியை எனக்குத் தெரியாதா?

அதனால் நான் பற்றவைப்பதில்லை. சின்ன கேஸ் அடுப்பில் தேநீர் போட்டுக்கொள்கிறேன். போன குளிர்காலத்தில் வாளித் தண்ணீர் உறைந்துபோயிற்று. அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு கணப்போரம் என் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பல் கிட்டிக்கொள்கிறது, எழுந்து போக மனமில்லை.