நாரத்தங்காய்க் கதை

ஜாஹிரா பீவி இருபத்திரண்டு வருஷமாகச் சிறுகதை எழுதுகிறாள். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்தி முடித்த கையோடு அதே சிவப்புப் பேனாவால் கதையைத் தொடங்கிவிடுவாள். புருஷன் கிதிர் முகம்மது தன் செல்போன் கடையில் ஆள் வராத நேரம் பார்த்து அதைத் தட்டச்சு செய்து பத்திரிகைக்கு அனுப்புவார். இப்படியே நாற்பத்தொரு கதை, மூன்று புத்தகம், சென்னையில் ஒரு பரிசு. பரிசு வாங்கிய அன்று அவளைவிட அவர்தான் அதிகம் சிரித்தார்.

சொந்தக்காரர்களுக்கோ கதை என்றால் வேறு சோலி. ஒன்று அச்சில் வந்தால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆள் பிடிக்கும் படலம் ஆரம்பம். "இது நம்ம செங்கோட்டை மாமாவேதான்." "மூக்குத்தி போட்டவ யாரு, சாஜிதாவா?" பாவம், அவளும் பேரை மாற்றுவாள், ஊரை மாற்றுவாள், குற்றாலத்து அருவியைப் பாபநாசத்துக்குக் கொண்டுபோவாள். என்ன செய்து என்ன? பிடித்துவிடுவார்கள். மாட்டியவர்கள் ஒரு மாதம் முறைத்துவிட்டு, அடுத்த கதையில் மாட்டுகிறவரைப் பிடிக்க முன்வரிசைக்கு வந்துவிடுவார்கள்.

ஹுஸ்னா மட்டும் வரவில்லை. அவள் கிதிர் முகம்மதுவின் தங்கை. இரண்டு தெரு தள்ளி வீடு. அவள் புருஷன் அஹ்சன் சவூதியிலுள்ள தம்மாமில் வேலை பார்க்கிறான். அவன் லீவில் வருகிறான் என்று நாரத்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்தாள். லீவு மூன்று தடவை தள்ளிப்போனது. ஒருநாள் அடுப்படியில் ஊறுகாய்ப் பரணியை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுததை ஜாஹிரா பார்த்துவிட்டாள். பார்த்தவள் சும்மா இருந்தாளா? எழுதினாள். கதையின் கடைசி வரியில் அந்த ஊறுகாயில் பூசணம் பூத்தது. வாசகர்கள் கொண்டாடினார்கள். ஹுஸ்னா இந்த வீட்டு வாசலை மிதித்து இரண்டு வருஷம் ஆகிறது. பெருநாளைக்குக்கூட அண்ணனைக் கடையில் பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள்.

இப்போது நாலாவது புத்தகம். நாகர்கோவிலில் பதிப்பகம் நடத்தும் ஷெர்லின் போன் செய்தாள். "மேடம், நாரத்தங்காய்க் கதைதான் முதல்ல. அது இல்லாம இந்த புக்கே இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள திருத்தி அனுப்பிருங்க."

ஜாஹிராவுக்குச் சோறு இறங்கவில்லை. தான் எழுதியதிலேயே நல்ல கதை அதுதான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் முதல் கதை எழுதிய காலத்தில் கைப்பிள்ளையை வாங்கிக்கொண்டு போய், "நீங்க எழுதுங்க மைனி, நான் பாத்துக்கிடுதேன்" என்றவள் ஹுஸ்னா. அந்தக் குரலைக் கேட்காமல் இனியும் இருக்க முடியாது போலிருந்தது. கதை போகட்டும் என்று முடிவு செய்தாள். முடிவு செய்துவிட்டுக் கொஞ்சம் அழவும் செய்தாள்.

மறுநாள் சாயங்காலம் சாரலில் நனைந்துகொண்டே போய்க் கதவைத் தட்டினாள். ஹுஸ்னா திறந்தாள். வா என்று சொல்லவில்லை, வழியையும் மறிக்கவில்லை. ஜாஹிரா அச்சுப் பிரதியை நீட்டினாள்.

"இந்தக் கதைய எடுத்துருதேன் ஹுஸ்னா. நீ அழுதத ஊருக்குக் காட்டுனது தப்புதான்."

"அழுதத எழுதுனதுக்கா நான் பேசாம இருக்கேன்?"

"பெறகு?"

"என் ஊறுகா பூசணம் பூத்துச்சுன்னு எழுதுனீங்களே. நான் போட்ட ஊறுகா என்னைக்கு மைனி கெட்டிருக்கு? ஆலங்குளத்துல கல்யாண வீட்டுல ஒருத்தி கேக்குதா, 'உப்பு கொறஞ்சிட்டோ'ன்னு. அழுததெல்லாம் உள்ளது. ஊறுகாதான் பொய்."

ஜாஹிராவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "காத்துக் காத்து மனசு கெட்டுப்போகுதுன்னு சொல்லத்தான்ட்டி அப்படி எழுதுனேன்."

"அதுதான் இல்லங்கேன். கெட்டிருந்தா தூக்கி வீசிட்டு அடுத்த சோலியப் பாத்திருப்பேன். கெடல. தொறக்கும்போதெல்லாம் அப்படியே மணக்கு. திங்க ஆளில்லாமலே அது நல்லா இருந்துச்சு மைனி. அதுக்குத்தான் அழுதேன்."

இருபத்திரண்டு வருஷம் எழுதியும் இது தனக்குத் தோன்றவில்லையே என்று ஜாஹிராவுக்கு வெட்கமாக இருந்தது. பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். தப்பாகப் போட்ட கணக்கை அடிப்பதுபோல் கடைசி வரியை அடித்தாள்.

"நீ சொன்னத எழுதிக்கிடவா?"

ஹுஸ்னா உள்ளே போனாள். ஒரு தட்டில் தயிர்ச்சோறும் நாரத்தங்காய்த் துண்டு இரண்டும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"மொதல்ல தின்னு பாருங்க. பெறகு எழுதுங்க. ஆனா நாரத்தங்காய எலுமிச்சங்காயா மாத்திராதீங்க. நான்தான்னு நாலு பேருக்குத் தெரியணும்."