சசியைப் பற்றி ஒரு கேள்வி

“சசி எப்பிடி, நல்ல புள்ளயா?”

இரத்தினபுரியில் புடவைக் கடை நடத்தும் ஷிப்னா மிஸ், மேல்மாடி அறையில் வேலைக்கு ஆள் எடுக்க உட்கார்ந்து இப்படிக் கேட்டபோது, ஜீவராணியிடம் பதில் ஒரு மூட்டை இருந்தது. குருவிட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் சசியும் அவளும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். கடைக்கு ஒரே ஒரு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்து சொன்னவளே சசிதான். பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருஷமாக வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஜீவராணியை, “நீயும் வாடி, யாருக்குக் கெடச்சாலும் சரி” என்று பஸ்ஸில் ஏற்றி வந்தவளும் அவள்தான். வழியெல்லாம் பாடம்: “மூஞ்சியப் பாத்துப் பேசு. வெரல முறுக்காத. நீ நிக்கிறதப் பாத்தா கோழி திருடுனவ மாதிரியே இருக்கு.”

இதில் எதை முதலில் சொல்வது? ஒவ்வொன்றும் தொண்டை வரை வந்து, மற்றதற்கு வழிவிட்டு நின்றது. ஜீவராணி மேசைக் கண்ணாடியையே பார்த்தாள். விரல்கள் ஷோல் நுனியை முறுக்கின.

மிஸ் சற்றுப் பொறுத்திருந்தாள். கீழே சசியின் சிரிப்புக் கேட்டது. தன் முறை முதலிலேயே முடிந்துவிட்டதால், யாரோ ஒரு சிங்கள அம்மாவுக்குக் கர்ட்டன் துணியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள் அவள்.

“விளங்கிச்சு.” மிஸ் சசியின் விண்ணப்பத்தைக் கவிழ்த்து வைத்தாள். “கூட்டாளியக் குத்தம் சொல்லக் கூடாதுண்டு வாயப் பொத்திட்டு இரிக்கிறீங்க. எனக்கு இப்பிடிப் புள்ளதான் வேணும். திங்கக்கிழமை வாங்க.”

ஜீவராணி பதறிப்போனாள். “இல்லீங்க மிஸ், சசி ரொம்ப நல்லவ. அவதான் என்னைய...”

“பாருங்களேன், இப்பவும் விட்டுக்குடுக்க மாட்டீங்க!” மிஸ் சிரித்தாள்.

“நெசமாத்தாங்க. யாவாரம் அவளுக்குத்தான் நல்லா வரும்.”

“வாய் கூடின புள்ளைகள நான் எத்தனை கண்டிரிக்கேன், மகள். போயிட்டு வாங்க.”

மூன்றாவது தரமும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் திங்கட்கிழமை அவள் நெஞ்சுக்குள் போய் நன்றாக உட்கார்ந்துகொண்டது. தலையை ஆட்டிவிட்டு இறங்கினாள்.

“என்னடி, பேசுனியா, இல்ல ஊமக் கோட்டானா நின்னியா?” என்றாள் சசி. “என்னா கேட்டாங்க?”

“ஒன்னையப் பத்திக் கேட்டாங்க.”

“ஐயோ! என்னா சொன்ன?”

“ஒடனே... ஒண்ணும் சொல்ல வரலடி.”

“ஒண்ணுமேவா?”

“நீ நல்லவன்னு அப்புறம் சொன்னேன். அவங்க நம்பல. திங்கக்கிழமை என்னைய வரச் சொல்லிட்டாங்க.”

சசியின் முகத்தில் சிரிப்பு போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது. விரித்த துணியை மடிப்பு மாறாமல் மடித்தாள். அதை மேசையில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, ஜீவராணிக்குக் காத்திராமல், பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள்.