மூன்றாம் ஆல்பத்தின் அடிநாதம்

மனிதகுலம் இசை கேட்ட வரலாறு, நார்வே நாட்டு மெட்டல் இசைக்குழுவான மோர்ட்வாக்கின் மூன்றாம் ஆல்பத்துக்கு முன், அதற்குப் பின் என்று இரண்டாகப் பிரிகிறது. இந்த உண்மையை உலகில் பதினோரு பேர் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பதினோரு பேரும் ‘நெல்லை மெட்டல் பேரவை’ என்ற ஒரே வாட்ஸப் குழுவில் இருந்தார்கள்.

கண்டுபிடித்தவன் கோமதிசங்கர். தாலுகா ஆபீசில் உதவியாளன். வயது நாற்பத்தொன்று, சித்திரை வெயிலிலும் கறுப்புச் சட்டைதான். மூன்றாம் ஆல்பத்தில் எல்லாப் பாட்டுக்கும் அடியில் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். கிதார் நின்றாலும் அது நிற்காது. அதற்கு ‘அடிநாதம்’ என்று பெயர் வைத்தவனும், மற்ற பத்துப் பேருக்கும் அந்த ஆல்பத்தைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தவனும் அவனே. ஆபீசில் அவன் கூப்பிட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பேரவையில் அவன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

இந்த நிலையில்தான், பேரவையில் பன்னிரண்டாவது ஆளாகப் புதிதாய்ச் சேர்ந்திருந்த, பெங்களூரில் வேலை பார்க்கும் ஸ்ரீராகவ் லீவில் வந்தான். மோர்ட்வாக் தடம் மாறியது ஐந்தாம் ஆல்பத்தில்தான், டிரம்மர் மாறியபோதுதான் என்று ஒரு வாரமாக வாட்ஸப்பில் எழுதித் தள்ளினான். நேரில் போட்டுக் கேட்டே முடிவு செய்வதென்று ஏற்பாடாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேட்டையில் கொம்பையாவின் லேத் பட்டறையில் கூடினார்கள். அந்தச் சத்தத்துக்கு வேறு எவரும் இடம் கொடுப்பதில்லை.

கோமதிசங்கருக்கு உட்காரப் பிடிக்கவில்லை. கிடந்த நட்டை எடுத்துப் போல்ட்டில் திருகினான், கழற்றினான், மறுபடி திருகினான். ஸ்ரீராகவ் லேப்டாப்பைப் பெரிய ஸ்பீக்கரில் மாட்டி, இன்டர்நெட்டிலிருந்து மூன்றாம் ஆல்பத்தை ஓடவிட்டான்.

கிதார் வந்தது. டிரம் வந்தது. ஓரிடத்தில் இரண்டும் நின்றன. அங்கே ஒன்றுமே இல்லை.

கொம்பையாதான் முதலில் வாய் திறந்தார். “நம்ம மோட்டார் சத்தத்த எங்கவே?”

“எந்த மோட்டாரு அண்ணாச்சி?” என்றான் ஸ்ரீராகவ்.

“அடியில ஓடும்லா. அரை எச்.பி., பேரிங் தேஞ்சது. வெளிநாட்டுக்காரன் என்னமா யோசிக்கான்னுல்லா இத்தன வருசமா நெனச்சிட்டிருந்தேன்.”

கோமதிசங்கரின் கையிலிருந்த நட்டு உருண்டு ஓடியது. கல்லூரிக் காலம் அவனுக்கு நினைவு வந்துவிட்டது. சென்னையிலிருந்து வந்த ஒருவன் ஒரே ஒரு சாயங்காலத்துக்கு சி.டி.யைக் கொடுத்திருந்தான். பதிவு செய்ய ஒயர் கிடையாது. ஸ்பீக்கருக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து அப்படியே பிடித்தான். பிடித்தது வீட்டுப் பின்கட்டில். அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்களை. அடுக்களையில் கிரைண்டர்.

பதினோரு முகங்களும் அவனைப் பார்த்தன. ஸ்ரீராகவுடையது சிரிக்கத் தயாராக இருந்தது.

“பழச மெருகேத்துதோம்னு ரீமாஸ்டர் பண்ணிட்டானுவ,” என்றான் கோமதிசங்கர். “அடிநாதத்த அழிச்சிட்டானுவ வே.”

பட்டறை கொந்தளித்துவிட்டது. கல்லூரியில் வரலாறு நடத்தும் விஜயஸ்ரீ, ஆவணத்தை அழிப்பது ஆளையே அழிப்பதற்குச் சமம் என்றாள். எதிர்க்க வந்த ஸ்ரீராகவோ எல்லோரையும் விடச் சூடாகிவிட்டான். தன் காலத்து அநியாயம் ஒன்று கையும் களவுமாகச் சிக்கியிருக்கையில் டிரம்மரைப் பற்றி யார் பேசுவார்கள்? கம்பெனிக்கே எழுத வேண்டும் என்றான்.

எழுதுவதென்றால் கோமதிசங்கர்தான். அவனுக்கு வரும் முறை ஒன்றுதான். ‘பொருள்: மூன்றாம் ஆல்பம் – அடிநாதம் நீக்கப்பட்டது – மீளச் சேர்த்துத் தரக் கோருதல் – தொடர்பாக’ என்று ஆரம்பித்து, பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு, ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடித்தான். விஜயஸ்ரீ அதை ஆங்கிலத்தில் ஆக்கினாள். பன்னிரண்டு பேரும் வரிசை எண்ணோடு பெயர் போட்டார்கள். அப்புறம் இணைப்புக்கு அசல் பதிவு வேண்டும் என்றார்கள்.

“நாளைக்கு வீட்ல பாத்து, சரிபண்ணி அனுப்புதேன்.”

“நாளைக்கு எதுக்குவே? சாவிக்கொத்துலதான தொங்குது,” என்று ஸ்ரீராகவ் பென் டிரைவை உருவி லேப்டாப்பில் செருகினான்.

அதில் இரண்டு வகை இருந்தன. பாட்டுப் பாட்டாக வெட்டி எல்லோருக்கும் கொடுத்தது ஒன்று. வெட்டாத முழு கேசட் இன்னொன்று. வெட்டியது போதும் என்று கோமதிசங்கர் இரண்டு முறை சொன்னான். கைபடாததுதான் சாட்சி என்று விஜயஸ்ரீ சொல்ல, எல்லோரும் ஆமோதித்தார்கள். கொம்பையா டீ வாங்கிவரச் சொல்லி முடிப்பதற்குள் கடிதமும் முழு கேசட்டும் ஈமெயிலில் நார்வேக்குப் போய்விட்டன. அங்கேயே கைதட்டி, கோமதிசங்கரைப் பேரவையின் நிரந்தரத் தலைவன் ஆக்கினார்கள்.

அந்தப் பதிவின் முப்பத்தெட்டாம் நிமிடத்தில் அவன் அம்மா சொர்ணாம்பாள், “சங்கரு, மாவு ஆயிட்டு, கிரைண்டர நிறுத்திட்டு வந்து வழிச்சு வையி,” என்கிறாள். அவன், “இந்தா வாரேம்மா,” என்கிறான்.