குருத்து ஞாயிற்றுக் கிளிகள்

விடியற்காலையில் எவெலியோ சமையலறை வாசலில் நின்று வெல்லத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்த இரண்டு கிளிகளும் மலையிலிருந்து கத்திக்கொண்டே வந்தன. கூரைக்கு மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டு ஆற்றுப் பக்கம் பறந்தன. எவெலியோ பதறி அண்ணாந்ததில் கோப்பையில் பாதி காலில் கொட்டியது.

"ஒரு வருஷமா இதே கூத்து," என்றாள் அவன் மனைவி ரொசால்பா, கல்லில் அரேபா என்ற சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி. "கிளி கத்தினா ஆம்பளைக்கு இப்படிப் பதறுமா? போய்க் கோடாரியைத் தீட்டுங்க. நாளைக்கு மறுநாள் குருத்து ஞாயிறு."

எங்கள் மலையூரில் அந்த ஞாயிறன்று ஆண்டவரைவிட ஓலையைத்தான் அதிகம் பேர் அண்ணாந்து பார்ப்போம். யார் கையிலுள்ள மெழுகுப்பனைக் குருத்து உயரமோ அவர்தான் பவனிக்கு முன்னால் நடப்பார். மெழுகுப்பனை கோயில் மணிக்கூண்டைவிட உயரம். அதில் ஏறக் கஷ்டப்படுவானேன் என்று ஒரே ஒரு குருத்துக்காக நூறு வயது மரத்தை அடியோடு சாய்ப்போம். அது தப்பென்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. சாமிக்குத்தானே என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யார் கேள்வி கேட்பது?

எவெலியோவுக்கு அது வெறும் பெருமை இல்லை, நேர்ச்சை. ஏழு வருடங்களுக்கு முன் அவன் மகள் மார்லேனி காய்ச்சலில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். பிள்ளை பிழைத்தால், உயிருள்ளவரை வருடா வருடம் ஊரிலேயே உயரமான குருத்தைக் கொண்டுவருகிறேன் என்று வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்தாள். அன்றிலிருந்து அவன் வாக்குத் தவறியதில்லை.

போன வருடம் அவன் வெட்டிய பனை, பக்கத்தில் நின்ற பட்ட மரத்தின் மேல் விழுந்தது. பட்ட மரம் இரண்டாக முறிந்தது. அதன் பொந்திலிருந்து மூன்று குஞ்சுகள் புல்லில் வந்து விழுந்தன. இரண்டு அப்போதே செத்துவிட்டன. மூன்றாவது அவன் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் துடித்து அடங்கியது. தாயும் தகப்பனும் அவன் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றின. அவன் குஞ்சுகளை இலைக்கடியில் மறைத்துவிட்டுக் குருத்தைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

மறுநாள் பவனியின்போது அதே இரண்டு கிளிகள் சதுக்கத்துக்கு மேலே வந்து கத்தின. பங்குச் சாமியார் கையை உயர்த்தி, "பாருங்க, பறவைகளும் ஓசன்னா பாடுது!" என்றார். ஊரே கைதட்டியது. எல்லாருக்கும் முன்னால் குருத்தோடு நின்ற எவெலியோவுக்கு மட்டும் அது பாட்டாகக் கேட்கவில்லை.

இந்த வருடம், கிளிகள் கூரையைச் சுற்றிய அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நூபியா டீச்சர் வந்தார். ஞாயிறுதோறும் பூசைக்கு முன் ஒரு மணி நேரம் மலையோரம் நின்று பறவை பார்ப்பவர். கேட்டால், "படைச்சவர் செஞ்சதை நின்னு ரசிக்கறதும் ஜெபம்தான்," என்பார். கழுத்தில் ஜெபமாலையும் தொலைநோக்கியும் சேர்ந்தே தொங்கும்.

"அண்ணே, நான் வந்த புதுசுல இந்த மஞ்சக்காதுக் கிளி பத்தொன்பது இருந்துச்சு. இப்ப ரெண்டுதான். போன வருஷம் குஞ்சு பொரிச்சிருக்கணும், ஒண்ணுகூட பறக்கல. மலையில ஏதாவது பார்த்தீங்களா?"

"பருந்து தூக்கியிருக்கும், டீச்சர்."

"அப்படியா? நீங்க சொன்னா சரிதான். மலையைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்?" டீச்சர் நோட்டில் 'பருந்து' என்று எழுதிக்கொண்டு போனார். எவெலியோ அன்று சோறு தின்னவில்லை.

சாயங்காலம் மார்லேனிக்கு உடம்பு சுட்டது. ரொசால்பா மகளின் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். அவள் முகத்தில் பழைய பயம் அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது.

"பார்த்தீங்களா? கோடாரியைக்கூட நீங்க இன்னும் தீட்டல, தயங்கறது மேல இருக்கறவருக்குத் தெரிஞ்சுபோச்சு. என் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சு, உங்களை நான் மன்னிக்கவே மாட்டேன்."

சனிக்கிழமை அவன் கோடாரியோடு மலையேறினான். சரிவில் நல்ல குருத்துள்ள பனை ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதை ஒட்டி ஒரு பட்ட மரம். முதல் வெட்டுக்குக் கோடாரியை ஓங்கியபோது பட்ட மரத்தின் பொந்திலிருந்து ஒரு கிளி தலையை நீட்டியது. இணைக்கிளி பக்கத்து ஓலையில் உட்கார்ந்து அவனைப் பார்த்தது. இந்தத் தடவை இரண்டும் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட வெட்டியிருப்பான். சத்தமே இல்லாமல் பார்த்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

கீழே வீட்டில் காய்ச்சலில் கிடக்கும் மகளை நினைத்தான். இலைக்கடியில் மறைத்த மூன்றையும் நினைத்தான். கோடாரியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

ஞாயிறு காலை மார்லேனிக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கவில்லை. அவளை அத்தையிடம் விட்டுவிட்டு ரொசால்பா கோயிலுக்கு வந்தாள். எவெலியோ தன் காட்டில் வெட்டிய சோளத் தட்டை ஒன்றைக் குருத்துபோலப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். கூட்டம் சிரித்தது.

"என்னப்பா எவெலியோ, ஆண்டவர் ஏறிவந்த கழுதைக்குத் தீவனமா?" என்றான் கசாப்புக்கடை ஒன்ஃபிரே.

சாமியார் சிரிக்கவில்லை. "உன் நேர்ச்சை என்னாச்சுப்பா?"

எவெலியோ கூட்டத்தில் டீச்சரைக் கண்ணால் தேடிப் பிடித்தான். "பருந்து இல்ல டீச்சர். நான்தான். பனையைச் சாய்ச்சேன், கூடு உடைஞ்சு மூணு குஞ்சும் செத்துப்போச்சு. போன வருஷம் இங்க வந்து அதுங்க பாடல, சாமி. பிள்ளைகளைத் தேடுச்சுங்க."

ஒன்ஃபிரே தன் கையிலிருந்த குருத்தை மெல்லக் கீழே இறக்கினான்.

"என் பிள்ளை பொழைக்கணும்னு வேண்டிக்கிட்டு அதுங்க பிள்ளைகளைக் கொன்னேன்," என்றான் எவெலியோ. "ரெண்டையும் படைச்சவர் ஒருத்தர்தானே, சாமி? அவர் செஞ்சதை அழிச்சு அவருக்கே காணிக்கை குடுக்கறது பக்தி இல்ல, பாவம். ஏழு வருஷமா பாவத்தைத்தான் தூக்கிக்கிட்டு எல்லாருக்கும் முன்னால நடந்தேன்."

சாமியார் தலை குனிந்து நின்றார். பிறகு தீர்த்தச் செம்பை எடுத்து அந்தச் சோளத் தட்டையின் மேல் தெளித்தார்.

ரொசால்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவள் கண் சிவந்திருந்தது. தட்டையிலிருந்து ஒரு தோகையைக் கிழித்துத் தலைத்துணிக்குள் பத்திரப்படுத்தினாள்.

"இதைப் பிள்ளை தலைமாட்டுல வெக்கறேன்," என்றாள். "நீங்க உள்ள போய் முழங்கால் போடுங்க. அவளுக்காக வேண்டறப்ப, அந்த மூணுக்காகவும் சேர்த்து மன்னிப்புக் கேளுங்க."