சைவப் பவளம்

என் வருங்கால மாமனாருக்கு உலகமே இரண்டு வகைதான். ஒன்று சைவம், இன்னொன்று அசைவம். நகைக்கடைக்காரர். மீன் விற்கும் தெருவென்றால் சுற்றிக்கொண்டுதான் போவார். நானோ கடல் உயிரினக் காட்சிக்கூடத்தில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவள். வந்ததும் முதல் வேலை, இறாலைப் பொடிப்பொடியாக நறுக்குவது. கல்யாணத்துக்கு முன் இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. என்னைக் கட்டிக்கொள்ளப் போகிற அவருடைய பிள்ளை, "அப்பா ஒரு தடவை வந்து பார்க்கட்டுமே" என்று நழுவிவிட்டார். நழுவுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மாமா வந்தார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. பின்னாலேயே பிள்ளை.

என் அறையில் மூன்று தொட்டிகள். முதல் தொட்டியில் ஜெல்லி மீன்கள் குடையை விரித்துச் சுருக்கி மிதந்துகொண்டிருந்தன. "மீனு. அசைவம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்தது கடல் சாமந்தி. "பூ" என்றார், முகம் கொஞ்சம் தெளிந்தது. மூன்றாவதில் பவளம். அங்கே கைக்குட்டையே கீழே இறங்கிவிட்டது.

"இது நம்ம சரக்கு. சுத்த சைவம். பூவையும் கல்லையும் எதுக்கும்மா மீன் பக்கத்துல வச்சிருக்கீங்க?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வேலை போனாலும் போகட்டும், இந்த அறையில் நின்று இப்படிப் பேசிவிட்டுப் போக விடமாட்டேன்.

"மாமா, அது மீனும் இல்ல, இது பூவும் இல்ல, நீங்க சொல்றது கல்லும் இல்ல. மூணும் ஒரே வம்சம். குழியுடலின்னு பேரு. உடம்பு வெறும் பை மாதிரி. முதுகெலும்பு கிடையாது, மூளை கிடையாது. ஒரே ஒரு வாய். சாப்பிடறதும் அதுலதான், கழிக்கிறதும் அதுலதான். கிட்டப் போனா கொட்டிடும்."

பிள்ளை ஏனோ அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெல்லி மீனைக் கவுத்து ஒரே இடத்துல உட்கார வச்சா கிட்டத்தட்ட சாமந்தி. அந்தச் சாமந்தி மாதிரி குட்டிக் குட்டியா ஒண்ணா சேர்ந்து, சுண்ணாம்புல வீடு கட்டிக்கிட்டா பவளம்."

"சரி, பவளம் என்ன சாப்பிடும்?" என்றார் மாமா.

இடுக்கியில் ஓர் இறால் துண்டை எடுத்துப் பவளத்திடம் நீட்டினேன். அதில் மொட்டுப்போல ஒட்டியிருந்த குட்டி உயிர் ஒன்று மெல்லக் கைகளை மடக்கி அதை விழுங்கியது.

மாமா தன் பவள மோதிரத்தைப் பார்த்தார். "அப்போ இது?"

"இதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். அதோட எலும்புன்னு வச்சுக்கங்க."

கழற்றப் பார்த்தார், வரவில்லை. நாற்காலி கேட்டு உட்கார்ந்தார். அவர் கடைக் கண்ணாடி அலமாரியில் சரம் சரமாகத் தொங்குவதெல்லாம் மனதில் வந்திருக்க வேண்டும். என் கோபமெல்லாம் போய், அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

வெகுநேரம் தொட்டியையே பார்த்திருந்துவிட்டு, "அந்த ஓரத்துல இருக்கிறதுக்கு நீ போடவே இல்லையே" என்றார்.

போட்டேன். அவர் பார்க்கிற பதற்றத்தில் துண்டு நழுவி அடியில் விழுந்தது.

"இடுக்கி பிடிக்கிற லட்சணமா இது? கொடு இப்படி."

கல் பதித்துப் பழகிய கை, துளியும் நடுங்கவில்லை. ஓரத்து மொட்டின் வாயில் இறாலைப் பூப்போல வைத்தார். அது கவ்விக்கொண்டது. "இன்னொண்ணு" என்று கையை நீட்டினார். கிண்ணம் காலியாகும்வரை நீட்டிக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது பிள்ளை மெதுவாக வாயைத் திறந்தார். "அப்பா, அந்த வேலையை விடற விஷயம்..."

"இவ விட்டுட்டா இதுங்க பட்டினி கிடக்கணுமா?" என்று அவர் மேல் பாய்ந்தார் மாமா. பிறகு விரல்களை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"சோப்பு எங்கம்மா இருக்கு? வீட்டுல உங்க அத்தை கேட்டா கல்லு பார்த்தோம்னே சொல்லு." கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். "ஆமா, ஞாயித்துக்கிழமை உனக்கு லீவாமே. அன்னைக்கு இதுங்களுக்கு யாரு போடுறா?"